ஜவுபர் வளவின் வரலாற்று மேடு

ஒரு மண்மேடு, அரசாங்கம் அதைப் பார்க்காத வரைக்கும் மண்மேடுதான். பார்த்துவிட்டால் அதற்கு ஒரு கோப்பும் கோவை இலக்கமும் வந்துவிடும். கோவை இலக்கம் வந்த பிறகு ஆடு ஏறுவதென்றாலும் யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

கல்முனையிலிருந்து தெற்கே போகும் ரோட்டுக்கு மேற்கே, வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் ஜவுபருக்கு வீட்டு நிலமாக இருபது பேர்ச் வளவு ஒன்று இருந்தது. வளவு என்று சொல்வது மரியாதைக்கு. அதில் முக்கால்வாசி ஆளுயர மேடு. மீதியில் எருக்கலை.

ஜவுபருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் ஸம்றாவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை நஸீம், கணக்கு வாத்தியார். இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து பெண்ணின் வீட்டில் குடியேறுவார். அதனால் இங்கே பெண் பிள்ளை பிறந்தால் வாப்பாமார் முதலில் பெயரை யோசிப்பதில்லை, வளவைத்தான் யோசிப்பார்கள்.

நஸீமுடைய வாப்பா பஸால் ஹாஜியார் நல்ல மனிதர். வந்து தேத்தண்ணி குடித்து, சோபாவில் சாய்ந்து, "எங்களுக்கு ஒண்டும் வேணாம் மச்சான். அல்லாஹ் தந்தது கிடக்கு. வீடு மட்டும் இருந்தாப் போதும்" என்றார். பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிய நிக்காஹ் என்று நாளும் குறித்தார்கள்.

ஆகவே மேட்டைத் தட்டையாக்க வேண்டும்.

மேட்டின் வரலாறு ஜவுபருக்கு மனப்பாடம். அடியில் தோணாவின் பழைய மணல். வயல் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் அந்தத் தோணா ஒருகாலத்தில் இந்த வளவைத் தொட்டுக்கொண்டு ஓடிற்று; பிறகு மனம் மாறி நூறு யார் தூரம் தள்ளிப் போய்விட்டது. எழுபத்தெட்டுச் சூறாவளியில் விழுந்த தென்னங்குற்றிகளை அவருடைய வாப்பா இழுத்துவந்து மணலின்மேல் போட்டார். அப்போது கயிற்றின் நுனியைப் பிடித்த பத்து வயதுப் பையன் ஜவுபர்தான். குற்றிகளுக்குமேல் தோணாவைத் தோண்டியவர்கள் கொட்டிய சேறு. சேற்றுக்குமேல் சுனாமிக்குப் பிறகு ரிப்பர் லொறிகளில் வந்த இடிந்த வீட்டுக் கற்கள். அந்தக் கற்களைப் பற்றி அவர் யாரிடமும் கதைப்பதில்லை. நீலம் பூசிய ஒரு சுவர்த்துண்டு அதற்குள் கிடந்தது. அவருடைய கூடப்பிறந்த ராத்தா சமைத்த குசினியின் சுவர் அது.

கல்லுக்குமேல் உமி. பக்கத்தில் அரிசி மில் வைத்திருக்கும் முகம்மது தம்பியின் உமி. உமிக்குமேல் தெரு முழுவதும் கொண்டுவந்து போட்ட பொலித்தீன் பைகள்.

பதினைந்து வருசமாக ஜவுபர் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார். ஒருவரும் ஒரு பையும் போட்டதில்லை. முகம்மது தம்பி மட்டும் கொஞ்சம் விளக்கம் தந்தார்.

"காத்தில பறந்து வந்திரிக்கும் தம்பி. உமி பாரமில்லாத சாமான்தானே."

இரண்டு லொறி உமி ஒரே இரவில் பறந்து வந்து, சரியாக ஒரு வளவுக்குள் இறங்கியிருக்கிறது. அந்தக் காற்றை ஜவுபர் அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை.

மண் அகற்றுவதற்கு அனுமதி எடுக்க வேண்டும். படிவத்தில் ஒன்பதாம் கேள்வி இப்படி இருந்தது: மேற்படி மேடு இயற்கையாக உருவானது, மனிதரால் உருவாக்கப்பட்டது, பொருந்தாததை வெட்டிவிடுக. அலுவலக நடைமுறை தெரிந்த வேறு எவனும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வெட்டியிருப்பான். ஜவுபர் ஐந்து நேரமும் தொழுகிற மனிதர். பொய் எழுதக் கை வரவில்லை. ஒன்றையும் வெட்டாமல், ஓரத்தில் "இரண்டும்" என்று எழுதினார்.

அலுவலகத்தில் எழுதுவினைஞர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்டை வெட்டுங்க."

"எதை வெட்டுற? ரெண்டும் சரிதானே."

"வெட்டாட்டி மேல அனுப்ப வேண்டி வரும்."

"அனுப்புங்க" என்றார் ஜவுபர். மேலே என்றால் நல்ல இடம் என்பது அவருடைய எண்ணம்.

மேலே இருந்தது வரலாற்று நிலத்தோற்ற ஆய்வுப் பிரிவு. மனிதரும் இயற்கையும் சேர்ந்து ஒரு நிலத்தை எப்படி உருவாக்குகிறார்கள் என்று ஆராய்வதற்காக மூன்று வருசத்துக்கு முன் திறக்கப்பட்ட அலுவலகம். பதினொரு உத்தியோகத்தர், ஒரு வாகனம், இரண்டு குளிரூட்டி, பன்னிரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரு மேசை. ஆராய்வதற்கு ஒரு நிலத்தோற்றம்தான் கிடைக்கவில்லை. வந்த விண்ணப்பங்களிலெல்லாம் சனங்கள் ஏதாவது ஒன்றை வெட்டிவிட்டிருந்தார்கள். ஜவுபரின் "இரண்டும்" வந்து சேர்ந்த அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் கொடுத்ததாகப் பின்னர் கேள்வி.

மூன்றாம் நாள் உதவிப் பணிப்பாளர் முனாப் வந்து இறங்கினார். ஊரவர்தான். ஆனாலும் அலுவலக வாகனத்திலிருந்து இறங்கும்போது முதல்தடவையாக இந்தப் பக்கம் வருபவரைப் போலச் சுற்றிலும் பார்ப்பார். அவரோடு கள உத்தியோகத்தர் தங்கேஸ்வரி, காரைதீவுப் பெண். கெட்டிக்காரி. படித்ததையெல்லாம் உண்மையென்று நம்பிப் படித்தவள்.

அவள் மேட்டில் ஒரு குழி வெட்டினாள். கேக் வெட்டிய மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தது. ஜவுபர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு அடுக்கையும் யார், எப்போது, என்னத்துக்குப் போட்டார்கள் என்று சொன்னார். முனாப் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஜவுபர், நீங்க சொல்றது வாய்மொழித் தகவல். நாங்க விஞ்ஞான ரீதியாத்தான் போக ஏலும்."

"நான் கண்ணால கண்டது சேர்."

"அதுதான் பிரச்சினை. கண்டவங்க சொன்னா அது பக்கச்சார்பு."

உடைந்த மலசலகூடக் கோப்பை ஒன்று குழிக்குள் வெள்ளையாகத் தெரிந்தது. அது முகம்மது தம்பியின் வீட்டுக் கோப்பை. புதிசு வைத்தபோது பழசை இங்கே எறிந்தார். தங்கேஸ்வரி அதைத் தூரிகையால் துடைத்து, அளந்து, படமெடுத்து, "சடங்குப் பாத்திரமாயிருக்கலாம் சேர்" என்றாள். முனாப் நீண்ட நேரம் அதைப் பார்த்தார். "இருக்கலாம்" என்றார். "தினசரிச் சடங்கு."

நீலச் சுவர்த்துண்டையும் அவள் எடுத்துத் துடைத்தாள். அது யாருடையது என்று அவர்கள் கேட்கவில்லை.

அறிக்கை வந்தது. மேட்டில் மணற்படை, குற்றிப்படை, சேற்றுப்படை, இடிபாட்டுப்படை, உமிப்படை, பொலித்தீன்படை என ஆறு படைகள் இருந்தன. மனித, இயற்கைச் செயன்முறைகள் ஒன்றையொன்று தழுவி வளர்ந்ததற்கு இத்தகைய உதாரணம் பிராந்தியத்திலேயே வேறில்லை. அறிக்கையின் பின்னால் பலகை வந்தது. மேட்டைச் சேதப்படுத்துதல், தட்டையாக்குதல், உருமாற்றுதல் தண்டனைக்குரியது என்று மூன்று மொழிகளில் எழுதி, மேட்டின் உச்சியில் நட்டார்கள். பலகை நட்ட வளவு உரியவரிடம் திரும்பி வந்ததாக இந்தக் கரையில் யாருக்கும் ஞாபகமில்லை. அன்று ஜவுபரின் மனைவி ஹாஜறா உலையில் அரிசி போட மறந்துவிட்டாள்.

பஸால் ஹாஜியார் வந்தார். இந்த முறை சோபாவில் சாயவில்லை. வீடு சுணங்குமானால் நிக்காஹும் சுணங்கலாம், அதில் தங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை என்றார். பிறகு வேறு யாரோ ஒருவரின் மகளுக்கு ரோட்டோரத்தில் வீடு கட்டி, தரைக்கு மாபிளும் பதித்து முடித்திருப்பதாகப் பொதுவாக ஒரு கதை சொல்லிவிட்டுப் போனார். ஸம்றா அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் இரண்டாவது கடிதம்: "மேற்படி மேட்டினை உருவாக்கிய மனித, இயற்கைச் செயன்முறைகள் இன்றுவரை நிறைவுறாமையினால், அவ்விரண்டும் இடையறாது தொடர்வதனை உறுதிப்படுத்துதல் இப்பிரிவின் கடப்பாடாகும்."

சுருக்கமாகச் சொன்னால், தெருவார் தொடர்ந்து குப்பை போட வேண்டும். ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஒரு பை. பையில் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும்.

இயற்கையையும் அவர்கள் விடவில்லை. அந்த வருசம் மாரி பிந்திற்று. மழையில்லாமல் செயன்முறை தடைப்படுகிறது என்று தங்கேஸ்வரி குறிப்பெழுத, செவ்வாய்க்கிழமை தோறும் தண்ணீர் லொறியான பவுசர் ஒன்று வந்து மேட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிற்று. பிறகு மாரி வந்து வயலெல்லாம் வெள்ளம் நின்ற செவ்வாயிலும் பவுசர் வந்தது. சாரதி குடை பிடித்துக்கொண்டு பாய்ச்சினான். அட்டவணை அப்படி.

ஊர் மாறிப் போயிற்று. இதுவரை மஃரிபுக்குப் பிறகு இருட்டில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து பையை எறிந்தவர்கள், இப்போது காலையில் சேர்ட்டுக்கு மடிப்புப் பிடித்து, செண்ட் அடித்து, பையோடு வந்தார்கள். கலியாணப் பிள்ளைகள் மேட்டின் முன்னால் நின்று படமெடுத்தார்கள். சந்தியிலிருந்த ஹோட்டலில் ஆறடுக்குப் புரியாணி என்று பலகை தொங்கிற்று. அடியிலும் சோறு, மேலேயும் சோறு, நடுவிலும் சோறுதான், ஆனாலும் வரிசை நின்றது. பதினைந்து வருசமாக ஒரு பையும் போடாத அத்தனை குடும்பங்களும், தாங்களே முதலில் போட்டவர்கள் என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்தார்கள்.

முகம்மது தம்பியின் சத்தியக்கடதாசி நான்கு பக்கம். உமிப்படை முழுவதும் தன்னுடைய மில்லின் உமி, தன்னுடைய லொறி, தன்னுடைய சொந்தச் செலவு என்று எழுதி, படைக்குத் தன்னுடைய மர்ஹூம் வாப்பாவின் பெயரை வைக்க வேண்டுமென்று கேட்டிருந்தார்.

"காத்தில பறந்து வந்ததெண்டு சொன்னீங்களே காக்கா?" என்று ஜவுபர் கேட்டார்.

"காத்துக்கு விட்டது ஆரு தம்பி? நான்தானே."

வெள்ளாமை வெட்டுக் காலமும் நெருங்கிற்று. ஜவுபர் நல்ல சாரனை உடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். மேட்டைத் தொடாமல், மேட்டின்மேலேயே தூண் எழுப்பி வீடு கட்ட அனுமதி கேட்டார். வேறு வளவு இல்லை, பிள்ளையின் கலியாணம் நிற்கிறது என்றும் சொன்னார். முனாப் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அனுதாபப்பட்டார். பிறகு மாட்டிக்கொண்டார்.

"புது வீடு வரலாற்று நிலத்தோற்றத்துக்கு ஒவ்வாது."

"மேட்டுக்குள்ள கிடக்கிற கல்லெல்லாம் ஒருகாலம் புது வீடுதானே சேர்?"

"ஓம். ஆனா இப்ப இடிஞ்சிரிக்கி. அதாலதான் வரலாறு."

தங்கேஸ்வரி சுற்றுநிருபத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பதினேழாம் பந்தியில் விரலை வைத்தாள். "சேர், இடிந்த கட்டடங்களுக்கு ஆட்சேபணை இல்லையெண்டு இரிக்கி. நூத்துக்கு நாப்பது வீதத்துக்கு மேல இடிஞ்சிருந்தாப் போதும். தூண் போடுற கிடங்குகளை ஆய்வுக் குழியெண்டு பதிஞ்சாச் சரி."

ஒன்பது தூண், ஒன்பது ஆய்வுக் குழி. அலுவலகத்தின் ஆண்டு இலக்கும் ஒன்பதுதான். முனாப் அந்த இடத்திலேயே ஒப்பமிட்டார்: விண்ணப்பதாரி மேற்படி இடத்தில் வீடொன்றை நிர்மாணிக்கலாம், ஆயின் அது இடிந்த நிலையில் இருத்தல் வேண்டும்.

"அப்ப கட்டிப்போட்டு இடிக்கிறதா சேர், இடிஞ்சதாக் கட்டுறதா?"

முனாப் யோசித்தார். "கட்டி முடிஞ்சதுக்குச் சான்றிதழ் எடுத்தாத்தான் இடிக்க அனுமதி கேக்கலாம். அது வேற ஒபிஸ். நீங்க நேரடியா இடிஞ்சதாவே கட்டுங்க. வேலை மிச்சம்."

ஜவுபர் வீட்டுக்கு வந்து கடிதத்தை ஹாஜறாவிடம் கொடுத்தார். இடிந்த வீட்டுக்குள் எந்த மாப்பிள்ளை பெட்டியோடு வருவான் என்று தலையில் கை வைத்தார். ஹாஜறா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். வாசலுக்குப் போய்த் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள்.

"இஞ்சப்பாருங்க. நம்மட ஊர்ல முழுசா முடிஞ்ச வீடு எது? ஒண்டு காட்டுங்க பாப்பம்."

ஜவுபருக்கு விளங்கவில்லை.

"கீழ ஸம்றாக்கு வீடு. மேல சின்னவள் நபீலாக்குத் தூணை மட்டும் எழுப்பி, கம்பிய நீட்டி விடுங்க. கூரையில்ல, சுவர் அரைவாசி, படி வானத்துக்குப் போகுது. முனாப் சேர் வந்து எண்ணட்டும்."

இதுதான் இந்தக் கரையின் வழக்கம். இரண்டு பெண் பிள்ளை இருந்து வளவு ஒன்றாய் இருந்தால், கீழே மூத்தவளுக்கு, மேலே இளையவளுக்கு. இளையவளுக்குக் காலம் வரும்வரை மேல்மாடித் தூண்கள் கம்பியை நீட்டிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் காத்திருக்கும். நபீலாவுக்குப் பதினான்கு வயது.

காரைதீவு மேசன் பிரசாந் வந்து, பத்துக் கிழமையில் கீழ்வீட்டைக் கட்டி, கதவு யன்னல் பூட்டி, மேலே ஒன்பது அரைத் தூண்களையும் எழுப்பினான். குழிகளிலிருந்து வந்த கற்களை ஜவுபர் தானே பொறுக்கி எடுத்து அத்திவாரத்துக்குள் போட்டார். ஆய்வுப் பொருட்களை மீள வைப்பிடுதல் என்று தங்கேஸ்வரி பதிந்துகொண்டாள்.

முனாப் பரிசோதனைக்கு வந்தார். கீழே பார்த்து முகத்தைச் சுளித்தார். எல்லாம் நேராக இருந்தன. மேலே ஏறினார். கூரையற்ற மண்டபம், தலையற்ற தூண்கள், துருவேறிய இரும்பு, எங்கேயும் போய்ச் சேராத ஒரு படிக்கட்டு. தங்கேஸ்வரி அளந்து கூட்டினாள்.

"நாப்பத்தெட்டு வீதம் சேர்."

"மாஷா அல்லாஹ்" என்றார் முனாப். இவ்வளவு நல்ல இடிபாட்டைத் தாம் எதிர்பார்க்கவில்லை என்றும் சொன்னார். பஸால் ஹாஜியாருக்குச் செய்தி போயிற்று. அடுத்த வெள்ளி நிக்காஹ். நஸீம் பெட்டியோடு வந்தார். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் பெயரும் முகவரியும் எழுதிய பைகள் வரிசையாக இருந்தன. வீட்டின் வடக்குப் பக்கம் மூன்றடி அகலம் செயன்முறைக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. வாத்தியார் நல்ல குணம். எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறது என்று மாமனாரிடம் சொன்னார்.

ஜவுபருடைய காரியம் இப்படி நிறைவேறிற்று. அவர் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு படுத்தார்.

ஆனால் பரிசோதனைக்கு வந்த அன்று முனாப் மேல்மாடியில் தேவைக்கு அதிகமாக நின்றுவிட்டார். அங்கிருந்து கிழக்கே கடல்வரைக்கும் ஊர் தெரிந்தது. வீட்டுக்கு வீடு மொட்டை மாடி. மாடிக்கு மாடி அரைத் தூண். தூணுக்குத் தூண் வானத்தைப் பார்த்து நீட்டிய கம்பி. மகள்மாருக்காக வாப்பாமார் எழுப்பி வைத்திருந்த ஆயிரக்கணக்கான கம்பிகள். மூன்று வருசத்தில் ஒரேயொரு மேடு கிடைத்த மனிதருக்கு வேர்த்துக்கொட்டிற்று.

"தங்கேஸ்வரி, இதெல்லாம் எத்தனை வீதம் வரும்?"

தங்கேஸ்வரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "குறைஞ்சது நாப்பத்தஞ்சு சேர். சில வீடு அம்பதும் வரும்."

ஒரு மாதத்தில் ஊரின் நான்கு எல்லையிலும் பலகை நட்டார்கள். ஊர் முழுவதும் இடிபாட்டு நிலத்தோற்றம். இடிந்த பாகங்களைப் பூர்த்திசெய்தல், கூரையிடுதல், கம்பிகளை மறைத்தல் தண்டனைக்குரியது. மேட்டுக்காகச் சத்தியக்கடதாசி முடித்தவர்கள் இப்போது கம்பிக்காக மனுவோடு ஓடினார்கள். முகம்மது தம்பிக்கு மூன்றாவது மகள் கலியாணத்துக்கு இருந்தாள். தன்னுடைய மேல்மாடி இடிந்ததல்ல, கட்டப்பட்டுக்கொண்டிருப்பது என்று அவர் எழுதிக் கொடுத்தார். கண்டவர் சொல்வது பக்கச்சார்பு என்று பதில் வந்தது.

ஹாஜறா ஒரு பின்னேரம் மேல்மாடியில் உடுப்புக் காயப்போட்டாள். அரைத் தூண்களுக்கு இடையில் கயிறு கட்டியிருந்தது. ஜவுபர் கீழிருந்து ஏறி வந்தார்.

"இது நபீலாட வீடு" என்றாள் ஹாஜறா.

"ஓம்."

"இனி எப்ப கூரை போடுற?"

ஜவுபர் ஒரு கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. இந்த வழியைக் காட்டிக் கொடுத்ததே தன் வாய்தான் என்பது ஹாஜறாவுக்கும் தெரியும்; மிச்ச உடுப்பைக் காயப்போடத் திரும்பினாள்.

அந்தக் கிழமையில் அலுவலகத்துக்கு இருநூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அதில் ஒன்று கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தது. இரண்டு பெண் பிள்ளைகளின் வாப்பா. மூத்தவள் கீழே குடியிருக்கிறாள், இளையவளுக்குத் தை மாதம் நிக்காஹ், மேல்மாடியில் ஆறு தூண் அரைவாசியில் நிற்கிறது, மனிதாபிமான அடிப்படையில் கூரை போட அனுமதிக்கவும். கீழே ஒப்பம்: ஏ. எல். எம். முனாப்.

உதவிப் பணிப்பாளர் முனாப் கதவைச் சாத்திக்கொண்டு அதை மூன்று தரம் வாசித்தார். தேத்தண்ணி ஆறிப் போயிற்று. சுற்றுநிருபத்தின் பதினேழாம் பந்தியை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். ஒரு ஓட்டையும் இல்லை. ஆகவே வீட்டுச் சொந்தக்காரர் முனாபின் கோரிக்கையை அனுதாபத்துடன் பரிசீலித்து நிராகரித்தார். மேன்முறையீடு செய்ய விரும்பினால் பதினான்கு நாட்களுக்குள் தமக்கே செய்யலாம் என்றும் எழுதி, பதிவுத் தபாலில் தம் வீட்டுக்கே அனுப்பினார்.